நிரலை வாசிப்பவர் யார்? எதிர்வினை நிரல்மொழிகளின் வரலாறும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடமும்

ஆய்வுச்சுருக்கம்

இயந்திரங்களை இயக்கும் நிரல்மொழிகள் அலுவலகக் கணினியின் நிரல்மொழிகளிலிருந்து வேறான வரலாறு உடையவை. அவை சூழலிலிருந்து இடையறாது வரும் குறிப்புகளுக்கு உரிய காலத்திற்குள் மறுமொழி தர வேண்டியவை. இம்மொழிகள் 1960களின் இறுதி முதல் இரு தனி மரபுகளாக வளர்ந்தன. ஒன்று, அமெரிக்க வாகனத் தொழிற்சாலையில் தோன்றிய ஏணிப்படம்; மற்றொன்று, பிரெஞ்சு ஆய்வகங்களில் தோன்றிய ஒத்தியங்கு மொழிகள். நிரலை எவர் வாசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இவ்விரு மரபுகளின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தின் பின்னணியில், அந்த வாசிப்பின் இன்றைய நிலையையும் அது தொழிலாளர் பாதுகாப்போடு கொண்ட உறவையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எதிர்வினை அமைப்பு, நிகழ்நேரம், ஏணிப்படம், பி.எல்.சி., ஒத்தியங்கு மொழிகள், எஸ்டெரல், லஸ்டர், ஒரகடம், தொழிற்கல்வி.

1. முன்னுரை

நிரல்மொழிகளின் வரலாறு பொதுவாக ஃபோர்ட்ரான், கோபால், சி, ஜாவா, பைத்தான் என்னும் வரிசையில் சொல்லப்படுகிறது. கணக்கீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் உரிய மொழிகளின் வரிசை இது. அழுத்து இயந்திரத்தை இயக்குவதும், வண்ணப்பூச்சுக் கூடத்தில் வாகன உடலை நகர்த்துவதும், பற்றவைப்பு ரோபோவின் வேலியைக் காப்பதும் ஆகிய நிரல்கள் இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அவை எழுதப்படும் மொழிகள் கணினி அறிவியல் துறைப் பாடத்திட்டங்களிலும் சிறிய இடமே பெறுகின்றன.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறும் இதே போன்ற ஒரு விடுபடலைக் கொண்டுள்ளது. முதலீடு, நிலம், வேலைவாய்ப்பு, தொழிற்சங்கம் ஆகிய நோக்குகளில் இவ்வட்டாரம் பேசப்படுகிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா ஆலையின் கதை அந்நோக்குகளின் தேவையை உணர்த்தப் போதுமானது. ஆயினும், ஆலைக்குள் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நின்று இருவரையும் கட்டுப்படுத்தும் எழுத்து வடிவமாகிய நிரல், வரலாற்றுச் சான்றாகக் கருதப்படுவது அரிது. அந்நிரல் எம்மொழியில் எழுதப்படுகிறது, அதனை வாசிக்க வல்லவர் எவர், வாசிக்க இயலாதபோது விளைவது என்ன என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. எதிர்வினை அமைப்பு என்னும் கருத்து

ஒரு நிரல் உள்ளீட்டைப் பெற்று, கணக்கிட்டு, விடையைத் தந்து முடிந்துவிடும் என்பது பழைய புரிதல். ஊதியப் பட்டியல் தயாரிக்கும் நிரல் அத்தகையது. ஆனால் மின்தூக்கியை இயக்கும் நிரலுக்கு முடிவு என்பதில்லை. முடிந்துவிட்டால் அதுவே பழுது. இவ்வேறுபாட்டுக்குத் தெளிவான பெயரிட்டவர்கள் இஸ்ரேலிய அறிஞர்களான டேவிட் ஹாரெல், அமீர் ப்னூவேலி ஆகியோர். 1985இல் வெளிவந்த கட்டுரையில், சூழலோடு இடையறாது ஊடாடும் இவ்வகை அமைப்புகளை அவர்கள் எதிர்வினை அமைப்புகள் என வகைப்படுத்தினர். 1977இலேயே ப்னூவேலி, நிரல்களின் இயல்பைக் காலத்தோடு இணைத்துப் பேசும் காலத் தருக்கத்தைக் கணினியியலுக்குள் கொண்டுவந்திருந்தார். 1996ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அப்பணிக்காகவே அவருக்கு வழங்கப்பட்டது.

எதிர்வினை என்பதும் நிகழ்நேரம் என்பதும் ஒன்றல்ல. எதிர்வினை அமைப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது சூழல். நிகழ்நேர அமைப்பிலோ மறுமொழிக்குக் காலக்கெடு உண்டு. கெடு தவறிய சரியான விடை தவறான விடைக்குச் சமம். தொழிற்சாலை இயந்திரங்கள் பெரும்பாலும் இவ்விரு வகையிலும் அடங்குபவை.

காலக்கெடுவைக் கணக்கிடும் கோட்பாடு தனியே வளர்ந்தது. 1973இல் லியூ, லேலாண்ட் ஆகியோர், குறித்த கால இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் நிகழும் பணிகளை ஒரே செயலியில் முன்னுரிமை வரிசைப்படி இயக்கும்போது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்குக் கணித வரம்பு வகுத்தனர். பணிகளின் எண்ணிக்கை பெருகும்போது அவ்வரம்பு ஏறத்தாழ 69 விழுக்காட்டை அணுகும். இவ்வரம்புக்குள் இருந்தால் எக்கெடுவும் தவறாது என்பது உறுதி. வரம்பைக் கடந்தால் தவறியே தீரும் என்பதில்லை. தனியே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

3. ரிலே பலகையிலிருந்து ஏணிப்படத்துக்கு

கோட்பாட்டாளர்கள் பெயரிடுவதற்கு முன்னரே எதிர்வினை நிரல்மொழி ஒன்று தொழிற்சாலைகளில் வழக்கிலிருந்தது. 1960களில் அமெரிக்க வாகன ஆலைகளின் இயந்திரங்கள் ரிலே பலகைகளால் இயங்கின. ரிலே என்பது மின்சுருள் ஒன்றால் இழுக்கப்படும் தொடுகைகளின் தொகுதி. நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கம்பிகளால் இணைத்தே இயந்திரத்தின் செயல்வரிசை அமைக்கப்பட்டது. வாகன மாதிரி மாறும்போது அக்கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது.

1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரமாட்டிக் பிரிவு, இப்பலகைகளுக்கு மாற்றாக ஒரு கட்டுப்படுத்திக்கான தேவைக்குறிப்பை வெளியிட்டது. ஆலையின் வெப்பத்தையும் தூசியையும் அதிர்வையும் தாங்க வேண்டும், ரிலே பலகையோடு விலையில் போட்டியிட வேண்டும் என்பவற்றோடு, ஆலைப் பொறியாளரும் பராமரிப்புப் பணியாளரும் எளிதில் நிரலெழுதவும் மாற்றவும் இயல வேண்டும் என்பதும் அத்தேவைகளுள் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினர் டிக் மார்லியின் தலைமையில் உருவாக்கிய மோடிகான் 084 என்னும் கருவி 1969இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வழங்கப்பட்டது. அக்குழுவின் 84ஆவது திட்டம் என்பதால் அவ்வெண் அமைந்தது. பின்னர் பி.எல்.சி. என்ற பெயரால் உலகெங்கும் பரவிய நிரல்வழித் தருக்கக் கட்டுப்படுத்திகளின் தொடக்கங்களுள் இது முதன்மையானது.

இக்கருவியின் மொழி அக்காலக் கணினி மொழிகள் எவற்றையும் பின்பற்றவில்லை. மின்பணியாளர்கள் ஏற்கெனவே வாசித்துப் பழகிய ரிலே வரைபடமே மொழியாக ஏற்கப்பட்டது. இடமும் வலமும் இரு செங்குத்துக் கோடுகள், அவற்றிடையே படிகள், படிகளில் தொடுகைகள், வலப்புற முடிவில் சுருள். ஏணியை ஒத்த தோற்றத்தால் இது ஏணிப்படம் எனப்பட்டது.

இவ்வரைபடத்தின் அடிப்படை அலகு, தமிழகக் கிராமங்களில் கிணற்றடி மோட்டார் அறைகளில் அனைவரும் கண்டது. பம்புசெட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி விரலை எடுத்துவிட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தியவுடன் ஈர்க்கப்படும் காண்டாக்டர், தன் துணைத்தொடுகை வழியே தன்னையே தாங்கிக்கொள்கிறது. சிவப்புப் பொத்தான் அத்தாங்கலை அறுக்கிறது. மின்சாரம் நின்று திரும்பும்போது மோட்டார் தானே ஓடாமைக்கும் இத்தாங்கல் அறுந்ததே காரணம். ஏணிப்படத்தில் இது ஒரே படி: ‘தொடங்கு’ தொடுகைக்கு இணையாகச் சுருளின் சொந்தத் தொடுகை, அவற்றோடு தொடராக ‘நிறுத்து’ தொடுகை. நிறுத்தும் பொத்தான் இயல்பில் மூடியதாக அமைக்கப்படுவதால், அதன் கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். இவ்வாறு ரிலே காலத்தில் திரண்ட பாதுகாப்பு அனுபவமும் வரைபடத்தின் வழியே நிரலுக்குள் வந்தது.

ரிலேக்களுக்கும் பி.எல்.சி.க்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பலகையில் அனைத்து ரிலேக்களும் ஒரே நேரத்தில் இயங்கின. பி.எல்.சி. அதனை ஒரு சுழற்சியாக மாற்றியது. முதலில் உள்ளீடுகள் அனைத்தும் படிக்கப்பட்டு நினைவகத்தில் பதிக்கப்படும். பின்னர் படிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணக்கிடப்படும். இறுதியில் வெளியீடுகள் இயந்திரத்துக்கு அனுப்பப்படும். சில மில்லிவினாடிகள் முதல் சில பத்து மில்லிவினாடிகள் வரை நீளும் இவ்வருடல் சுழற்சி ஓயாமல் தொடரும். குறித்த நேரத்துக்குள் சுழற்சி முடியாவிட்டால் காவல் நேரங்காட்டி கட்டுப்படுத்தியை நிறுத்திவிடும். இவ்வமைப்பின் குறையும் இதிலேயே உள்ளது. ஒரு சுழற்சியைவிடக் குறைந்த நேரமே நீடிக்கும் குறிப்பு படிக்கப்படாமலே போகக்கூடும். ஒரே சுருள் இரு படிகளில் எழுதப்பட்டால் கீழே உள்ள படியே வெல்லும். மேற்படி சரியாக இருந்தும் இயந்திரம் அதற்கு இணங்காது.

4. ஒத்தியங்கு மொழிகள்

1980களின் தொடக்கத்தில் பிரான்சின் மூன்று ஆய்வுக் குழுக்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில், வேறொரு வழியில் இதே சிக்கலை அணுகின. சோஃபியா அந்திபோலிஸில் ழான்–போல் மார்மோரா, ழான்–போல் ரிகோ ஆகியோர் தொடங்கிய பணியில் ஜெரார் பெரி இணைந்து வளர்த்தெடுத்தது எஸ்டெரல். கிரெனோபிளில் போல் காஸ்பி, நிக்கோலா ஆல்பவாக்ஸ் ஆகியோர் உருவாக்கியது லஸ்டர். ரென் நகரில் உருவானது சிக்னல். எஸ்டெரல் என்பது நீஸ் நகருக்கு அண்மையிலுள்ள மலைத்தொடரின் பெயர். பிரெஞ்சில் நிகழ்நேரம் என்னும் சொல்லின் ஒலியையும் நினைவூட்டுவது.

இம்மொழிகளின் பொது அடிப்படை ஓர் எளிய கருதுகோள்: எதிர்வினைக்கு நேரமே ஆகாது எனக் கொள்வது. குறிப்பு வந்த அதே கணத்தில் மறுமொழியும் நிகழ்ந்துவிட்டதாகக் கொண்டால், நிரலின் பொருளைத் தெளிவான கணிதமாக எழுத இயலும். உண்மையில் கணக்கீட்டுக்கு நேரம் ஆகும். எனினும் அடுத்த குறிப்பு வருவதற்குள் அது முடிந்துவிடுவதை உறுதிசெய்தால் கருதுகோள் செல்லும். காலம் தனித்தனிக் கணங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கணத்திலும் படித்தல், கணக்கிடுதல், வெளியிடுதல் நிகழ்கின்றன. பி.எல்.சி.யின் வருடல் சுழற்சியும் அடிப்படையில் இதுவே. தொழிற்கூடமும் ஆய்வகமும் தனித்தனி வழிகளில் வந்து ஒரே காலக் கருத்தை அடைந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

வேறுபாடு தவறுகளைக் கையாளும் முறையில் உள்ளது. லஸ்டரில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரே ஒரு சமன்பாடு மட்டுமே இருக்கலாம். மேலே சுட்டிய இரட்டைச் சுருள் பிழையை மொழிமாற்றியே ஏற்க மறுத்துவிடும். இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் கண்டறிய வேண்டிய பிழை, எழுதும் நிலையிலேயே தடுக்கப்படுகிறது. எஸ்டெரலில், ஒரு குறிப்பு வந்தவுடன் நடந்துகொண்டிருக்கும் செயலைக் கைவிடுமாறு ஒரே கட்டளையால் கூறலாம். அச்செயலின் உள்ளே எத்தனை உட்செயல்கள் இருப்பினும் கட்டளை அனைத்துக்கும் பொருந்தும். ஏணிப்படத்தில் அந்நிபந்தனையை உரிய படிகள்தோறும் எழுத வேண்டும், அல்லது படிகளின் தொகுதி முழுவதையும் தலைமைக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர வேண்டும். ஒரு படி விடுபட்டாலும் அடுத்தவர் அதனைக் கண்டறிவது கடினம்.

இத்தகைய மேன்மைகள் இருந்தும் ஒத்தியங்கு மொழிகள் வாகன ஆலைகளில் ஏணிப்படத்தை இடம்பெயர்க்கவில்லை. லஸ்டரிலிருந்து வளர்ந்த ஸ்கேட் என்னும் கருவி வானூர்திக் கட்டுப்பாடு, அணுமின் நிலையப் பாதுகாப்பு போன்ற துறைகளில் நிலைபெற்றது. அத்துறைகளில் நிரலை வாசிப்பவர் வடிவமைப்பாளரும் சான்றளிக்கும் அதிகாரியும் ஆவர். பறக்கும் வானூர்தியில் எவரும் நிரலைத் திறந்து பார்ப்பதில்லை. வாகன ஆலையிலோ உற்பத்தி வரிசை நின்றவுடன் நிரலைத் திறப்பவர் அப்பணிமுறையின் பராமரிப்புப் பணியாளர். எந்தத் தொடுகை மூடவில்லை என்பதைத் திரையில் வண்ணம் மாறும் படியைக் கண்டு அவர் உணர்கிறார். ஏணிப்படத்தின் நீடிப்பைத் தொழில்நுட்பப் பின்தங்கலாக மட்டும் விளக்கும் பார்வை இவ்வாசகரைக் கணக்கில் கொள்வதில்லை.

5. இந்திய ஆய்வுப் பங்களிப்பு

இத்துறையின் கோட்பாட்டு வளர்ச்சியில் இந்திய அறிஞர்களின் பங்கு முதன்மையானது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புடைய மத்தாய் ஜோசப், பரிதோஷ் பாண்டியா ஆகியோர் 1986இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பணி மிக மோசமான சூழலிலும் எவ்வளவு நேரத்துக்குள் முடியும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட வழி வகுத்தது. எடுத்துக்காட்டாக, 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை வந்து 3 மில்லிவினாடி எடுக்கும் முன்னுரிமைப் பணி ஒன்றும், 25 மில்லிவினாடிக்கு ஒருமுறை வந்து 8 மில்லிவினாடி எடுக்கும் பின்னுரிமைப் பணி ஒன்றும் உள்ளனவெனக் கொள்வோம். பின்னுரிமைப் பணி தன் 8 மில்லிவினாடியோடு முன்னுரிமைப் பணியின் ஒரு குறுக்கீட்டைச் சேர்த்து 11 மில்லிவினாடியில் முடியும் எனத் தோன்றும். ஆனால் அதற்குள் 10ஆவது மில்லிவினாடியில் இரண்டாம் குறுக்கீடு வந்துவிடும். எனவே மிகைக்காலம் 14 மில்லிவினாடி. இவ்வாறு விடை மாறாத நிலை வரும்வரை மீண்டும் மீண்டும் கணக்கிடும் முறை நிகழ்நேரப் பகுப்பாய்வின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது.

ஜெரார் பெரியுடன் எஸ். ரமேஷ், ஆர். கே. சியாமசுந்தர் ஆகியோர் இணைந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, எஸ்டெரலின் கண ஒத்தியக்கத்தையும் தொலைவிலுள்ள அமைப்புகளிடையே நிகழும் ஒத்தியங்காத் தொடர்பையும் ஒரே மொழிக்குள் இணைத்தது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும், 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாகத் தொடங்கி இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதவியல் கழகமும், ஒருங்கே இயங்கும் அமைப்புகளின் தருக்கத்தில் நெடுங்கால ஆய்வு மரபு உடையவை. பி. எஸ். தியாகராஜன் உள்ளிட்டோரின் பெட்ரி வலை ஆய்வுகள் அம்மரபைச் சேர்ந்தவை.

சிறுசேரியும் ஒரகடமும் சென்னைப் பெருநகரின் தென்புற விளிம்பைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் எதிர்வினை அமைப்புகளின் கணிதம் பயிலப்படுகிறது. மற்றோரிடத்தில் அவ்வமைப்புகள் இரவும் பகலும் இயங்குகின்றன. இரு மரபுகளும் வெவ்வேறு வாசகருக்காக எழுதுகின்றன. அவ்விடைவெளியை நிரப்பும் எழுத்துக்குத் தமிழில் இன்னும் இடம் உள்ளது.

6. தொழில்வழித்தடத்தில் சந்தித்த மொழிகள்

சிப்காட் எனப்படும் தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் முதலிய இடங்களில் அது அமைத்த தொழிற்பூங்காக்களே இவ்வழித்தடத்தின் உடல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் சான்ட்ரோ வாகனத்தோடு உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010 மார்ச்சிலும், டெய்ம்லர் வணிக வாகன ஆலை 2012 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இல் உற்பத்தியைத் தொடங்கியது. கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, ஜெர்மானிய, இந்திய நிறுவனங்கள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்தன.

அந்நாடுகளின் நிரலெழுதும் மரபுகள் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஏணிப்படம் வேரூன்றியது. ஜெர்மனியில் கட்டளைகளை வரிவரியாக எழுதும் கட்டளைப் பட்டியல் முறை செல்வாக்குப் பெற்றது. பிரான்சில் 1977இல் வகுக்கப்பட்ட கிராஃப்செட், நிலைகளும் அவற்றிடையே மாற்றங்களுமாக இயந்திரத்தின் செயல்வரிசையை வரைந்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1993இல் வெளியிட்ட தரம், இன்று ஐ.இ.சி. 61131-3 எனப்படுவது, இம்மரபுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஐந்து மொழிகளை ஏற்றது: ஏணிப்படம், செயற்கட்டப் படம், கட்டமை உரை, கட்டளைப் பட்டியல், கிராஃப்செட்டிலிருந்து வந்த வரிசைச் செயற்படம். 2013ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு பொருள்நோக்கு நிரலாக்கக் கூறுகளைச் சேர்த்ததோடு, கட்டளைப் பட்டியலைக் கைவிடத்தக்கது எனவும் குறித்தது.

ஒரே தரம் இருப்பதால் நிரல்கள் ஒன்றுபோல் இருக்கும் என எண்ணுவது பிழை. சீமென்ஸ், மிட்சுபிஷி, ஓம்ரான், ஆலன்–பிராட்லி முதலிய கட்டுப்படுத்திகள் ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருளும் முகவரி முறையும் பெயரிடும் வழக்கமும் உண்டு. ஓர் ஆலையில் தேர்ந்த பணியாளர் அண்டை ஆலைக்கு மாறும்போது ஏணியை உடனே அடையாளம் காண்பார். அதன் சுற்றுச்சூழலைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இவ்வழித்தடத்தில் உருவாகும் வாகனத்துக்குள்ளும் வேறோர் எதிர்வினை உலகம் உள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 உமிழ்வு வரம்புகள், எரிபொருள் செலுத்துதலில் மின்னணுக் கட்டுப்பாட்டின் பங்கைப் பெருக்கின. நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் ஒரு சுற்று 10 மில்லிவினாடி. ஒரு பாகைக்கு 28 மைக்ரோவினாடியும் இல்லை. இவ்வளவில் மறுமொழி தரும் வாகன நிரல்களில் சி மொழியே நெடுங்காலமாக மேலோங்கியுள்ளது. 1993இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓசெக், 1998இன் மிஸ்ரா சி விதிகள், 2003இல் உருவான ஆட்டோசார் ஆகியன அம்மொழிக்கும் அதன் இயங்குதளத்துக்கும் ஒழுங்கு வகுத்தன. வாகனத்துக்குள் இருக்கும் நிரலைத் தொழிற்கூடத்தில் எவரும் வாசிப்பதில்லை. அது நினைவகத்தில் ஏற்றப்படுகிறது, சோதிக்கப்படுகிறது. வாகனத்தைச் செய்யும் இயந்திரத்தின் நிரலோ அன்றாடம் வாசிக்கப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் இயங்கும் இவ்விரு நிரல்வகைகளும் அவற்றின் வாசகரால் வேறுபடுகின்றன.

7. மில்லிவினாடியும் உடலும்

எதிர்வினைக் காலம் என்பது கணினியியல் நுணுக்கமாக மட்டும் நிற்பதில்லை. அழுத்து இயந்திரத்தின் முன் பொருத்தப்படும் ஒளித்திரையைக் கருதலாம். பணியாளரின் கை கதிரை மறைத்தவுடன் இயந்திரம் நிற்க வேண்டும். இடர்ப்பகுதிக்கும் ஒளித்திரைக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்த தொலைவை ஐ.எஸ்.ஓ. 13855 தரம் வரையறுக்கிறது. 500 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் கை வினாடிக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் நெருங்கும் எனக் கொண்டு, அவ்வேகத்தை மொத்த நிறுத்த நேரத்தால் பெருக்க வேண்டும். ஒளித்திரையின் நுண்மைக்கேற்ப ஒரு கூடுதல் அளவும் சேரும். விரலளவு நுண்மை கொண்ட 14 மில்லிமீட்டர் திரைக்கு அது சுழியம்.

ஒளித்திரைக்கு 20, கட்டுப்பாட்டுக்கு 30, இயந்திரம் நிற்க 100 என மொத்தம் 150 மில்லிவினாடி ஆகுமெனக் கொண்டால், வேண்டிய தொலைவு 300 மில்லிமீட்டர். கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் 50 மில்லிவினாடி கூடினால் தொலைவு 400 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஒளித்திரை பழைய இடத்திலேயே இருந்தால், கை ஏறத்தாழ ஐந்து விரற்கடை உள்ளே சென்றிருக்கும்போதும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நிரலில் எழுதப்படும் ஒரு தாமதம் இவ்வாறு உடலின் அளவாக மாறுகிறது.

இக்காரணத்தாலேயே பாதுகாப்புச் செயல்கள் பொதுக் கட்டுப்படுத்தியிடம் விடப்படாமல் நெடுங்காலம் தனி ரிலேக்களிடமே இருந்தன. 1998 முதல் 2000 வரை வெளிவந்த ஐ.இ.சி. 61508 தரத்துக்குப் பின்னரே, இரட்டைக் கணக்கீடும் தன்சோதனையும் உடைய பாதுகாப்பு பி.எல்.சி.கள் பரவலாயின. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு இயந்திரங்களுக்கு வேலியிடுவதைக் கட்டாயமாக்கியது. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் வேலி என்பது கண்ணுக்குத் தெரியும் இரும்பு. இன்று வேலியின் ஒரு பகுதி நிரலாக உள்ளது. இரும்பு வேலி அகற்றப்பட்டிருப்பதை எத்தொழிலாளியும் காண முடியும். நிரலில் ஒரு தொடுகை கடந்துசெல்லப்பட்டிருப்பதை, அந்நிரலை வாசிக்க வல்லவர் மட்டுமே காண முடியும்.

8. வாசிப்புரிமையும் தமிழும்

ஏணிப்படத்தின் வாசிப்புத்தன்மை இன்று இரு பக்கங்களிலிருந்து சுருங்குகிறது. முதலாவது, நிரலின் பெரும்பகுதி ஆயத்தச் செயற்கட்டங்களுக்குள் செல்கிறது. இயந்திரத்தைச் செய்தளிக்கும் நிறுவனம் தன் அறிவுச்சொத்தைக் காக்க அக்கட்டங்களைக் கடவுச்சொல்லால் பூட்டலாம். பராமரிப்புப் பணியாளர் காண்பது உள்ளே செல்லும் குறிப்பையும் வெளியே வரும் குறிப்பையும் மட்டுமே. பூட்டுவதற்கு ஒரு நியாயமும் உண்டு: சரிபார்க்கப்பட்ட பாதுகாப்புக் கட்டத்தை இரவுப் பணியின் அவசரத்தில் எவரும் திருத்திவிடக் கூடாது. ஆயினும் திருத்தும் உரிமையும் வாசிக்கும் உரிமையும் வேறு வேறு. முன்னதைத் தடுக்கப் பின்னதையும் மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மொழி. ஏணிப்படம் படமாக இருப்பதால் மொழித்தடை கடந்தது எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் படியின் பொருள் அதன் தொடுகைப் பெயரிலும் அதனருகே உள்ள விளக்கக் குறிப்பிலும்தான் உள்ளது. தாய்நாட்டு ஆலையின் நெறிமுறைகளோடு வரும் நிரலில் அவை ஆங்கிலத்திலோ அந்நாட்டு மொழியின் சுருக்கங்களிலோ அமையும். வரைபடத்தை வாசிக்க வல்லவர் பெயரை வாசிக்க இயலாமல் நிற்கும் நிலை இதனால் ஏற்படுகிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவு மாணவர் ஸ்டார்ட்டர் சுற்று, முன்–பின் சுழற்சி, இடைப்பூட்டு ஆகியவற்றைக் கையால் இணைத்துக் கற்கின்றனர். கிண்டியிலுள்ள தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் இப்பிரிவுகளுக்குத் தமிழிலும் நூல்களை வெளியிடுகிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்தும் தமிழக அரசின் திட்டத்தில் 2023 ஜூலையில் தொழில் 4.0 மையங்கள் ஒரகடத்தில் தொடங்கிவைக்கப்பட்டன. ரோபோவும் தானியக்கமும் அங்குப் பாடங்கள். கருவி வந்துவிட்ட நிலையில் கலைச்சொல் ஆக்கமும் விளக்க நூல்களும் உடன்வர வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தில் தொழிற்கூட வழக்கைப் புறக்கணிப்பது பயன்தராது. காண்டாக்ட், காயில், டைமர், சென்சார், இன்டர்லாக் ஆகிய சொற்கள் பணியாளர் பேச்சில் வேரூன்றியவை. அவற்றை அகற்றுவதைவிட, அவற்றின் பின்னுள்ள கருத்துகளைத் தமிழில் விளக்குவது முதன்மையான பணி. இரட்டைச் சுருள் ஏன் பிழையாகிறது, சுழற்சியைவிடக் குறுகிய குறிப்பு ஏன் தவறுகிறது, நிறுத்தும் பொத்தான் ஏன் இயல்பில் மூடியிருக்கிறது என்பவற்றைக் கற்ற பணியாளர், ஏணிப்படத்தின் வழியே ஒத்தியங்கு மொழிகளின் கோட்பாட்டையும் எட்டிவிடுகிறார். ஆய்வகம் அடைந்த அதே காலக் கருத்து அவர் கையாளும் கருவியிலேயே உள்ளது.

9. முடிவுரை

எதிர்வினை நிரல்மொழிகளின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஏணிப்படமும் ஒத்தியங்கு மொழிகளும் காலத்தைக் கணங்களாக வெட்டும் ஒரே கருத்தை வெவ்வேறு வாசகருக்காக வடித்தவை. அவற்றின் வடிவ வேறுபாட்டுக்கு வாசகரே முதன்மைக் காரணம். இரண்டாவது, தொழில்வழித்தடத்தில் ஏணிப்படம் நிலைத்திருப்பது பராமரிப்புப் பணியாளரின் வாசிப்புத் திறனைச் சார்ந்தது. அத்திறனைச் சுருக்கும் மாற்றங்கள் உற்பத்தித் திறனையும் பாதுகாப்பையும் ஒருங்கே தொடுகின்றன. மூன்றாவது, இயந்திர வேலியின் ஒரு பகுதி நிரலாகிவிட்ட காலத்தில், அந்நிரலை வாசிக்கக் கற்பிப்பது தொழிற்பாதுகாப்புக் கல்வியின் பகுதியாக வேண்டும்.

ஓர் ஆலை மூடப்படும்போதோ உற்பத்தி வரிசை மாற்றப்படும்போதோ இயந்திரத்தோடு அதன் நிரலும் இடம்பெயரும், அல்லது அழிக்கப்படும். படிகளின் ஓரத்தில் பணியாளர் எழுதிய குறிப்புகள், திருத்திய தேதிகள், கூட்டிய தாமதங்கள் ஆகியனவும் அதனோடு மறையும். அவை ஆலையின் அன்றாடத்தைப் பதிந்த முதன்மைச் சான்றுகள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் ஊதியப் பதிவேட்டையும் ஒப்பந்தத்தையும் தேடுவதைப் போலவே, ஆலைகளின் இசைவோடு இந்நிரல்களையும் வாய்மொழிச் சான்றுகளோடு சேர்த்துத் திரட்டுதல் அடுத்த கட்ட ஆய்வாக அமையலாம்.